கடல் கடந்த சாதியும் நாமகிரிப்பேட்டையின் கேள்வியும்

2023 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் சாதியப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆதரவாக 6 வாக்குகளும் எதிராக 1 வாக்கும் பதிவாயின. தெற்காசியாவுக்கு வெளியே ஒரு நகரம் சாதியைப் பெயர் சொல்லித் தடைசெய்தது அதுவே முதன்முறை. சட்டத்தைக் கொண்டுவந்தவர் நகரமன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். புனேயில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். தமிழ் பேசும் பார்ப்பனக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

இச்செய்தி நம்மிடையே பெரும்பாலும் ஒரு வெற்றிச் செய்தியாகவே பகிரப்பட்டது. அது வெற்றிதான். ஆனால் அதற்குள் நாம் நின்று பயில வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கூலி, வாடகை, வரி ஆகிய பொதுப் பிரச்சினைகளைப் பேசுவதா, ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கவலையைப் பேசுவதா என்று நம் ஊர்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. இரண்டும் இருவேறு வேலைகள் என்பது போலவே அந்தக் கேள்வி அமைகிறது. தனித்தொகுதிகள் நிறைந்த சேலம், நாமக்கல் வட்டாரத்தில், குறிப்பாக நாமகிரிப்பேட்டை போன்ற ஊர்களில், இந்தக் கேள்வி அன்றாட வாழ்வோடு தொடர்புடையது. ஆகவே சியாட்டிலில் நடந்ததை விளக்கி, அதை நம் ஊருக்குக் கொண்டுவர இங்கே முயல்கிறோம்.

கூலியிலிருந்து சாதிக்கு

சாவந்த் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் சோசலிச வேட்பாளராக வென்று, 2014 முதல் 2023 முடிய நகரமன்றத்தில் இருந்தார். அவர் முதலில் கையிலெடுத்தது சாதியை அன்று, கூலியை. அப்போது வாஷிங்டன் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9 டாலர் 32 சென்ட். அதனை 15 டாலராக உயர்த்த வேண்டும் என்று உணவகத் தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் தெருவில் இறங்கிப் போராடின. அந்தக் கோரிக்கையையே முழக்கமாகக் கொண்டு சாவந்த் தேர்தலைச் சந்தித்தார். 2014 ஜூன் 2 அன்று, கூலியைப் படிப்படியாக 15 டாலராக உயர்த்தும் சட்டத்தை நகரமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அமேசான் போன்ற பெருநிறுவனங்கள்மீது வரி, வாடகைக்குக் குடியிருப்போரின் உரிமை ஆகியவை அவருடைய அடுத்த களங்கள்.

2020 பிப்ரவரியில், இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தை அவர் கொண்டுவர, நகரமன்றம் அதனை ஏற்றது. மூன்றாண்டுகள் கழித்துச் சாதிச் சட்டம் வந்தது. தாம் ஆதிக்கசாதிக் குடும்பத்தில் வளர்ந்து, வீட்டுக்குள்ளேயே சாதியின் கொடுமையைக் கண்டவர் என்பதை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாதியை ஒரு நாட்டின் பண்பாட்டுச் சிக்கலாகவோ ஒரு மதத்தின் உள்விவகாரமாகவோ அவர் முன்வைக்கவில்லை. வேலையில் யாருக்கு உயர்வு கிடைக்கிறது, வீடு யாருக்கு வாடகைக்குக் கிடைக்கிறது, புகார் சொன்னால் யார் வேலை இழக்கிறார் என்னும் தொழிலாளர் பிரச்சினையாகவே முன்வைத்தார். கூலிக்காகத் திரண்டவர்களிடம் சாதியைப் பற்றிப் பேச அவருக்கு அதனால்தான் முடிந்தது.

சாதி எப்படிக் கடல் கடந்தது?

அமெரிக்கச் சட்டத்தின் முன் சாதி வந்து நின்றது 2023இல் முதன்முறை அன்று. சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்னும் இந்தியர் குடியுரிமை கேட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் உயர்சாதி ஆரிய வழியினர், ஆகவே வெள்ளையராகக் கருதப்பட வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. முதல் நூற்றாண்டில் சாதி அங்கே உயர்வுக்கான சான்றாகக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த நூற்றாண்டில்தான் அது குற்றச்சாட்டாக எழுந்தது.

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் படித்த இந்தியர்களுக்கு வழி திறந்தது. அக்காலத்தில் உயர்கல்வி யார் கையில் இருந்ததோ அவர்களே முதலில் சென்றனர். பின்னர் கணினித் துறை விரிந்தது. இடஒதுக்கீட்டால் படித்து வந்த முதல் தலைமுறைத் தலித் பட்டதாரிகளும் அங்கே சென்றனர். மேலாளரும் இந்தியர், பணியாளரும் இந்தியர் என்ற நிலை உருவானபோது, ஊரில் இருந்த ஏணி அலுவலகத்திலும் நிறுத்தப்பட்டது.

வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். வட இந்தியரிடையே குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். தமிழர்கள் சாதிப்பெயரை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டதால் வழி வேறு. 'எந்த ஊர்?' என்று தொடங்கும். 'ராசிபுரம் பக்கம்' என்றால் 'ராசிபுரத்தில் எங்கே?' என்று நீளும். 'குலதெய்வம் எது?', 'என்ன கூட்டம்?' என்று இறங்கும். பூணூல் உள்ளதா என்று அறிய முதுகைத் தட்டிப் பார்ப்பதும், உணவுப் பழக்கத்தை விசாரிப்பதும் இதன் வேறு வடிவங்கள். இந்தக் கேள்விகள் எவையும் சட்டப்படி குற்றமாகா. ஆனால் விடை தெரிந்த பின்னர் உணவு மேசையில் இடமும், வேலைக்கான பரிந்துரையும், ஆண்டு மதிப்பீடும் மாறத் தொடங்குகின்றன.

2020 ஜூன் 30 அன்று, சிஸ்கோ நிறுவனத்தின்மீது கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கசாதி மேலாளர்கள் பாகுபாட்டுக்கு உள்ளாக்கினர், நிறுவனம் அதனைத் தடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்தது. 2023 ஏப்ரலில் இரு பொறியாளர்கள்மீதான வழக்கை அத்துறை கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. தீர்ப்பு எதுவாயினும், பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தவர்கள் பேசுவதற்கு அந்த வழக்கு இடம் தந்தது.

புகார் சொல்வது அங்கே எளிதன்று. ஹெச்-1பி விசாவில் பணிபுரிபவர் வேலை இழந்தால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு நிறுவனத்தைத் தேட வேண்டும். இல்லையேல் நாடு திரும்ப வேண்டியதுதான். கடன் வாங்கி மகனை அனுப்பிய குடும்பத்துக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும்.

சட்டம் செய்வது என்ன?

சியாட்டில் சட்டம் புதிய நீதிமன்றம் எதனையும் உருவாக்கவில்லை. இனம், மதம், பாலினம் முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று ஏற்கெனவே இருந்த பட்டியலில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. அதனால் வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, பொது இடங்கள் ஆகிய மூன்று தளங்களிலும் சாதியைக் காரணமாகச் சுட்டி ஒருவர் நகர அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். மேலும், பாகுபாட்டுக்கு எதிரான தம் விதிகளில் இச்சொல்லைச் சேர்க்கும் தேவை நிறுவனங்களுக்கும் எழுகிறது. பெயரில்லாத குற்றத்தைப் பதிவு செய்ய இயலாது. பெயர் கிடைத்தால் பதிவு கிடைக்கும். பதிவு கிடைத்தால் சான்று சேரும்.

இச்சட்டத்துக்கு முன்பே பல்கலைக்கழகங்களில் வழி திறந்திருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 ஜனவரியில் 23 வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தம் விதிகளில் சாதியைச் சேர்த்தன. மாணவர்களும் ஆசிரியர் சங்கமும் அம்பேத்கரிய அமைப்புகளும் பல ஆண்டுகள் செய்த வேலையின் பயன் அது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேன்மொழி சௌந்தரராஜன் நடத்தும் ஈக்வாலிட்டி லேப்ஸ், கலிபோர்னியாவில் இயங்கும் அம்பேத்கர் கிங் படிப்பு வட்டம் போன்றவை இக்களத்தில் நின்றன.

'சமூகத்தின் கவலை' யாருடைய கவலை?

அமெரிக்க அரசியலில், குடியேறிய சமூகங்களின் கவலையை மன்றத்தில் பேசுவது பழைய மரபு. கிரேக்க அமெரிக்கர்கள் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1974 ஜூலையில் துருக்கிப் படை சைப்ரஸ் தீவில் இறங்கியபோது, கிரேக்க வழி வந்த உறுப்பினர்களான ஜான் பிரடெமாஸ், பால் சார்பேன்ஸ் ஆகியோர் நாடாளுமன்றத்தில் அதனை எழுப்பினர். துருக்கிக்கு ஆயுதம் வழங்குவதற்கான தடை 1975 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, 1978 வரை நீடித்தது. இதே சார்பேன்ஸ், நிக்சனைப் பதவி நீக்கும் தீர்மானத்தின் முதல் பிரிவைக் குழுவில் முன்வைத்தவர். பெருநிறுவனங்களின் கணக்கு மோசடியைத் தடுக்க 2002இல் வந்த சட்டம் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. பிரடெமாஸ் கல்விச் சட்டங்களுக்காக நினைக்கப்படுபவர். உள்நாட்டுப் பிரச்சினையும் சொந்தச் சமூகத்தின் கவலையும் அவர்களிடம் மோதவில்லை.

ஆனால் அந்த மரபை இந்தியப் புலம்பெயர் சமூகத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. சைப்ரஸைப் பற்றிக் கிரேக்க அமெரிக்கர்கள் ஏறத்தாழ ஒரே குரலில் பேச முடிந்தது. சாதியைப் பற்றி இந்திய அமெரிக்கர்கள் ஒரே குரலில் பேச இயலாது. வலிக்குக் காரணம் வெளிநாட்டுப் படையாக இல்லாமல் பக்கத்து மேசையில் இருப்பவராக இருக்கும்போது, 'சமூகத்தின் கவலை' என்ற சொல்லே இரண்டாகப் பிளக்கிறது.

இந்து அமெரிக்க அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் சியாட்டில் சட்டத்தை எதிர்த்தன. இந்தியர்களையும் இந்துக்களையும் இச்சட்டம் தனிமைப்படுத்தி ஐயத்துக்கு உள்ளாக்கும் என்றும், போதிய தரவு இல்லை என்றும் அவை வாதிட்டன. தரவு பற்றிய வாதத்தை நாம் புறந்தள்ளக் கூடாது. ஈக்வாலிட்டி லேப்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற தலித்துகளில் 67 விழுக்காட்டினர் பணியிடத்தில் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கூறினர். கார்னகி நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய அமெரிக்கர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே சாதியப் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கூறினர். இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. முன்னதில் தலித்துகளிடம் தனியே கேட்கப்பட்டது. பின்னது பெரும்பாலும் ஆதிக்கசாதியினர் குடியேறிய ஒரு சமூகம் முழுவதிலும் கேட்கப்பட்டது. யாரிடம் கேட்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. மேலும் சட்டத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. சாதி பார்க்கும் கிறித்தவருக்கும் சீக்கியருக்கும் இசுலாமியருக்கும் அது பொருந்தும்.

கலிபோர்னியாவில் கிடைத்த எச்சரிக்கை

சியாட்டிலுக்கு அடுத்த மாதமே, கலிபோர்னியா மாநில மேலவையில் ஆயிஷா வஹாப் எஸ்பி 403 என்னும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் ஆப்கானிய வழி வந்தவர். தலித் அல்லர், இந்தியரும் அல்லர். அவருடைய தொகுதியில் இந்தியர்கள் மிகுதி. மசோதா மே மாதம் மேலவையில் 34க்கு 1 என்றும், ஆகஸ்ட் மாதம் கீழவையில் 50க்கு 3 என்றும் நிறைவேறியது. வழியில் எதிர்ப்பைச் சமாளிக்க, சாதி தனிப் பிரிவாக இல்லாமல் 'மரபுவழி' என்பதன் உட்பிரிவாக மாற்றப்பட்டது. செயற்பாட்டாளர்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். இருந்தும் 2023 அக்டோபர் 7 அன்று ஆளுநர் கெவின் நியூசம் ஒப்புதல் மறுத்தார். இருக்கும் சட்டங்களே சாதியையும் தடுக்கின்றன, தனிச்சட்டம் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். வஹாபைப் பதவியிலிருந்து திரும்பப் பெறும் முயற்சியும் நடந்தது.

'ஏற்கெனவே சட்டம் இருக்கிறது' என்னும் விடை நமக்குப் புதியதன்று. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்கும்போதும் நம்மிடம் இதுவே சொல்லப்பட்டது. ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர், 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குச் சென்ற நாளில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே போராடித்தான் தண்டனை வரை செல்கிறது. தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, 2025 அக்டோபரில்தான் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் ஒன்றை அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது.

நாமகிரிப்பேட்டையில் நின்று பார்த்தால்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த இரண்டு பழங்குடித் தொகுதிகளும், ஏற்காடும் சேந்தமங்கலமும், சேலம், நாமக்கல் மாவட்டங்களிலேயே உள்ளன. நாமகிரிப்பேட்டை வட்டாரத்தின் ஒருபுறம் ராசிபுரம் தனித்தொகுதி. மறுபுறம் கொல்லிமலையைத் தன்னுள் கொண்ட சேந்தமங்கலம். ராசிபுரத்திலிருந்து 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ப. தனபால் 2012 அக்டோபரில் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். 2021இல் அங்கே வென்ற மா. மதிவேந்தன் 2024 செப்டம்பரில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அமைச்சரானார். ஆகவே அவையின் உயர்ந்த நாற்காலிகள் இவ்வட்டாரத்துக்குத் தொலைவில் இருந்தவை அல்ல.

ஆயினும் தொகுதியின் பிரச்சினைகள் எவை என்று கேட்டால் கிடைக்கும் பட்டியல் எப்போதும் ஒன்றே: மஞ்சள் விலை, மரவள்ளிக் கிழங்கு விலை, ஜவ்வரிசி ஆலைகளின் நெருக்கடி, குடிநீர், சாலை. இவை உண்மையான பிரச்சினைகள். ஆனால் மஞ்சளுக்கு விலை உயர்ந்தால், அதனை வெட்டி, வேகவைத்து, காயவைத்துத் தரும் கூலிக்கும் உயர்கிறதா? அந்தக் கூலிகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றனர்? காலனிக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வந்தது, சுடுகாட்டுக்குப் பாதை யார் நிலத்தின் வழியே செல்கிறது? இவ்வாறு கேட்கத் தொடங்கினால், பொதுப் பிரச்சினை, சமூகப் பிரச்சினை என்ற பிரிவே கரைந்துபோகிறது. சியாட்டிலில் கூலியும் சாதியும் ஒரே உறுப்பினரின் மேசையில் இருந்தது இதனால்தான்.

நம் உறுப்பினர்கள் இதனைப் பேசத் தயங்குவதற்குத் தனிமனிதக் குறை மட்டும் காரணமன்று, அமைப்பும் காரணம். 1932 ஆகஸ்ட் மாத வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்குரிமையை அளித்தது. செப்டம்பரில் காந்தியின் உண்ணாநோன்பின் அழுத்தத்தில் உருவான பூனா ஒப்பந்தம் இடங்களை 148 ஆக உயர்த்தி, தனி வாக்குரிமையை நீக்கியது. தனித்தொகுதியிலும் தலித் வாக்காளர்கள் பெரும்பான்மையினர் அல்லர். வேட்பாளர் நம்மவர்; அவருடைய வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் பெரிதும் பிறர். மன்றத்துக்கு வெளியே நம் அமைப்பு வலுவாக இல்லாதபோது, அவர் வெளிப்படையாகப் பேசுவதற்கான துணை குறைகிறது.

நம் சமூகமும் ஒரே குரலுடையதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கு மாவட்டங்களில் மிகுதியாக வாழும் அருந்ததியர், 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2009இல் பெற்றனர். உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 6க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 'பட்டியல் சாதியினரின் கவலை' என்று பொதுவாகப் பேசியபோது, துப்புரவுப் பணியிலும் பண்ணைக் கூலியிலும் தள்ளப்பட்டவர்களின் குரல் கேட்காமல் போனது. கடலுக்கு அப்பால் ஆதிக்கசாதியினரிடம் நாம் கேட்கும் கேள்வியை நமக்குள்ளும் கேட்டாக வேண்டும்.

கேட்க வேண்டியவை

சியாட்டிலின் சட்டத்தைக் கொண்டாடும்போது, அதற்கு நிகரான சட்டம் இங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 வன்கொடுமைகளைக் குற்றமாக்குகிறது. ஆனால் தனியார் நிறுவனத்தில் வேலை மறுப்பு, பதவி உயர்வு மறுப்பு, வாடகை வீடு மறுப்பு ஆகியவற்றில் சாதியப் பாகுபாட்டை முழுமையாகக் கையாளும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 2016ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடை மற்றும் சமத்துவ மசோதா சட்டமாகவில்லை. ராசிபுரம், திருச்செங்கோடு கல்லூரிகளில் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் நம் மாணவர்களுக்கு, சியாட்டிலில் கிடைத்த அந்தப் புகார் வழி இங்கே இல்லை.

இருக்கும் சட்டத்திலும் நம் உறுப்பினர்களுக்கு ஓர் இருக்கை உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதன் உறுப்பினர்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். 16ஆம் விதிப்படி, மாநில அளவில் முதலமைச்சர் தலைமையிலான குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். தனித்தொகுதி உறுப்பினருக்கு மட்டுமன்றி, பொதுத்தொகுதி உறுப்பினருக்கும் இது கடமை.

ஆகவே எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் நம் உறுப்பினரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்போம். கண்காணிப்புக் குழுவின் கூட்டங்களில் எத்தனைக்குச் சென்றீர்கள், அங்கே எந்த வழக்குகளை எழுப்பினீர்கள்? மஞ்சள், ஜவ்வரிசித் தொழில்களில் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி வழங்கப்படுகிறதா என்று சட்டமன்றத்தில் கேட்டீர்களா? ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்தில் உங்கள் நிலைப்பாடு என்ன? தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் சாதியப் பாகுபாட்டைத் தடுக்க மாநிலச் சட்டம் ஒன்றை முன்மொழிவீர்களா?

விடைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே சரிபார்க்க மாணவர்களால் இயலும். கண்காணிப்புக் குழுவின் கூட்ட நாட்களும் வருகைப் பதிவும் நடவடிக்கைக் குறிப்பும் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டிய ஆவணங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போதும். 9 டாலர் கூலியை 15 ஆக்கியவர்களும், சட்டப் பட்டியலில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தவர்களும் மன்றத்துக்கு வெளியேதான் முதலில் திரண்டனர். நாமகிரிப்பேட்டையில் அந்த வேலையை மனுவின் முதல் வரியிலிருந்து தொடங்கலாம்.